மூன்று படிக்கு மேலே ஒரு பலசரக்குக் கடை

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடைக்கு மூன்று படி. வாறுகாலுக்கு (தெருச் சாக்கடைக்கு) மேல் போட்ட சிலாப்பிலேயே முதல் படி தொடங்கிவிடும். அது ஒரு சாண் உயரம். இரண்டாவது கொஞ்சம் குறைவு. மூன்றாவது இரண்டையும் விட உயரம். பக்கத்து வீட்டு ஆச்சி ஏறும்போது இடது கையால் ஷட்டர் ஓடும் இரும்புத் தடத்தைப் பிடித்துக்கொள்வார், வலது கையால் முட்டியை அழுத்துவார். தடத்தில் கிரீஸ் தடவியிருக்கும். இறங்குகிறபோது நண்டு மாதிரி பக்கவாட்டில் திரும்பி, எப்போதும் ஒரே காலை முன்னால் இறக்கி, மற்றதை அதனோடு சேர்த்து நிறுத்தி, மூச்சு வாங்கிவிட்டு அடுத்த படி. பையோடு இறங்கினால் பிடிக்கக் கை இருக்காது. அதனால் பையை மேல்படியில் வைத்துவிட்டு, தான் முதலில் இறங்கி, பிறகு திரும்பிப் பையை எடுப்பார்.

"ஏன் ஆச்சி ஏறுதீய, அங்கனயே நின்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தாரேன்" என்று கடைக்கார அண்ணாச்சி எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்.

"நீ சொத்தையும் சொள்ளையுமாப் பொறுக்கிப் போட்டுருவ. நான் பாத்துல்லா எடுக்கணும்" என்பார் ஆச்சி.

வயதானவர்களுக்கு ஏற்ற கடை எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கான பாதிப் பதில் இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. ஏற முடியவில்லை. ஆனால் ஏறாமல் இருக்கவும் மனசில்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். சரியாகச் சொன்னால் 10.4 சதவீதம். 2021-க்கு அது 13.6 என்றும் 2031-ல் 18.2 ஆகும் என்றும் அரசின் மக்கள்தொகை முன்கணிப்பு சொல்கிறது. ஐந்தாறு பேரில் ஒருவர். திருநெல்வேலிச் சீமையில் இதை நேரில் பார்க்கப் புள்ளிவிவரம் வேண்டாம். பெருமாள்புரத்திலோ மகாராஜ நகரிலோ சாயங்காலம் ஒரு தெரு நடந்தால் போதும். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும். வீட்டில் இரண்டு பேர், பல வீடுகளில் ஒருவர். அந்த ஒருவர்தான் சமைக்க வேண்டும், அவர்தான் கடைக்கும் போக வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் கடைகளின் வடிவமும் மாறிக்கொண்டிருக்கிறது. பழைய பலசரக்குக் கடையில் சிட்டையைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்காரலாம். பையன் ஓடி ஓடி எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டிக் கட்டைப்பையில் அடுக்குவான். சூப்பர் மார்க்கெட்டில் அந்தப் பையன் கிடையாது. கடைக்காரர் எடுத்துத் தருவதே ஒரு காலத்தில் உலகம் முழுக்க இருந்த வழக்கம். 1916-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். வாங்க வந்தவரே உள்ளே நடந்து, தேடி, எடுத்து, வெளியே வரும் வழியில் காசு கொடுக்கும் முறை அங்கிருந்துதான் பரவியது. கூடை கனத்துப்போனால் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்களே என்று யோசித்த ஓக்லஹோமா நகரத்துக் கடைக்காரர் சில்வன் கோல்ட்மேன் 1937-ல் சக்கரம் வைத்த தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். முதலில் யாரும் அதைத் தொடவில்லை. ஆள் பிடித்து, கடைக்குள் தள்ளிக் காட்டச் சொல்ல வேண்டியிருந்ததாம்.

நடப்பது, தேடுவது, படித்துப் பார்ப்பது, குனிந்து எடுப்பது, சுமப்பது என்று ஐந்து வேலையும் பையன் தலையிலிருந்து நம் தலைக்கு வந்து சேர்ந்தன. அவன் சம்பளம் கடைக்கு மிச்சம். அந்த மிச்சத்தில் கொஞ்சம் விலைக்குறைப்பாக நமக்கும் கிடைத்தது. முப்பது வயதுக்காரருக்கு இது லாபமான பேரம். எழுபத்தைந்து வயது முட்டிக்கு இந்தக் கணக்கு கட்டாது. சூப்பர் மார்க்கெட்டின் பாதைகளை அகலப்படுத்துவது மட்டும் தீர்வாகாது என்று நான் நினைப்பது இதனால்தான். விட்டுப்போன அந்தப் பையனைக் கொஞ்சமாவது திரும்பக் கூட்டி வர வேண்டும். அதே சமயம் ஆச்சி கேட்கிற "பாத்து எடுக்குத" உரிமையையும் பறிக்கக் கூடாது.

முதலில் படி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் கடைகளுக்குப் படி கூடிக்கொண்டே போனதற்கு ரோடு ஒரு காரணம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து கடைகள் பள்ளமாயின. மழைத்தண்ணீர் உள்ளே வந்தது. புதிதாகக் கட்டியவர்கள் இனி வரப்போகும் ரோட்டுக்கும் சேர்த்து இரண்டு மூன்று அடி தூக்கிக் கட்டினார்கள். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். ஆனாலும் அதற்கு முன்னால் ஏறிய உயரம் ஏறியதுதான்.

இன்னொரு காரணம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் வண்ணார்பேட்டைக்கும் வீடு தேடி வந்தது. கீழ்த்தட்டில் இருந்த அரிசியும் பருப்பும் ஊறி நாறிப்போன கடைக்காரரிடம் போய், "அண்ணாச்சி, படியைக் குறையுங்க" என்றால் அவர் என்ன சொல்வார் என்று நமக்கே தெரியும். அவர் பயம் நியாயமானது. ஆச்சி முட்டியும் நியாயமானது.

சாய்தளம் போட்டால் ஆயிற்றே என்பார்கள். கணக்கைப் பாருங்கள். மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிமுறைகளின்படி சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். மூன்று படி சேர்ந்து ஒன்றரை அடி என்றால் 18 அடி. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் கடை முகப்பே பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். முன்னால் நீட்ட வாறுகால் விடாது, அதைத் தாண்டினால் ரோடு. அதனால் நம் ஊரில் சாய்தளம் என்ற பெயரில் இருப்பதெல்லாம் ஸ்கூட்டர் ஏற்றுவதற்காகச் செங்குத்தாகச் சாய்த்த இரும்புத் தகடுதான். ஐப்பசி மழையில் அதில் கால் வைத்துப் பார்த்தவர்களுக்கு, படியே எவ்வளவோ தேவலை என்று தோன்றும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு என் யோசனை ஒன்று உண்டு. கடையை உயர்த்த வேண்டாம், சரக்கை உயர்த்தினால் போதும். ஆட்கள் நிற்கும் தரை தெருவிலிருந்து அரையடிக்கு மேல் போக வேண்டாம். ஆறடிச் சாய்தளமே அதற்குப் போதும். உள்ளே சுவரோரம் இரண்டடி உயரத்துக்கு மேடை கட்டி, அதன் மேலிருந்து அலமாரி தொடங்கட்டும். மூட்டை அடுக்கும் கிட்டங்கி பின்னால் உயரத்தில் இருக்கட்டும். தண்ணீர் வந்தால் தரை நனையும், சரக்குக்கு ஒன்றும் ஆகாது. இதில் இன்னொரு வசதியும் தானாக வந்துவிடுகிறது. கீழ்த்தட்டே இடுப்புக்குக் கொஞ்சம் கீழே அமைவதால் யாரும் குத்தவைத்து எதையும் எடுக்க வேண்டியதில்லை. ஒரு தட்டு இடம் நஷ்டம்தான். அந்தத் தட்டில் இருந்ததை முட்டி வலிக்காரர் யாரும் எப்படியும் எடுத்திருக்கப் போவதில்லை.

ஏற்கெனவே இருக்கும் கடைக்கு வேறு வழி. மூன்று உயரப் படியை நான்கு தாழ்ந்த படியாக்கலாம். ஒன்றரை அடியை நான்காகப் பிரித்தால் படிக்கு நாலரை அங்குலம். கால் முழுதாகப் பதிய ஓர் அடி அகலம். தெருப்பக்கம் இடம் இல்லாவிட்டால் படிகளைக் கடைக்குள் வெட்டி இறக்க வேண்டும். வாசலில் மூன்று நான்கு அடி போகும், வாடகை கொடுக்கிறவருக்கு வலிக்கத்தான் செய்யும். அதுவும் முடியாதென்றால் குறைந்தபட்சம் மூன்று படியையும் ஒரே உயரமாக்கலாம். முதல் படியில் கால் எவ்வளவு தூக்கியதோ அதே அளவுதான் அடுத்ததற்கும் அது தானாகத் தூக்கும். நாம் பார்த்து ஏறுவதில்லை, கால் கணக்கு வைத்து ஏறுகிறது. எங்கள் தெருக் கடையின் மூன்றாவது படியில் இளவட்டங்களே தடுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு கைப்பிடி. இரண்டு பக்கமும் வேண்டும், ஏனென்றால் ஒருவருக்கு வலது முட்டி பழுது, இன்னொருவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை எழும்பாது. கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கிற மாதிரி ஒன்றரை அங்குல உருண்டைக் குழாய், தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரம், விரல் நுழைய சுவருக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு அங்குல இடைவெளி. கடைசிப் படியோடு நின்றுவிடாமல் இன்னும் ஓர் அடி நீண்டிருக்க வேண்டும், இறங்கி முடித்த பிறகும் பிடி தேவைப்படும். ஏறுவதுதான் கஷ்டம் என்று இளவயதுக்காரர்கள் நினைக்கிறார்கள். முட்டி தேய்ந்தவர்களைக் கேட்டால் இறங்குவதுதான் என்பார்கள். இறங்கும்போது உடம்பின் மொத்த எடையையும் மடங்கிய ஒரு முட்டி தாங்கிப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். அதுவும் சாமான் பையோடு. வெல்டிங் பட்டறையில் சொன்னால் ஒரு நாள் வேலை.

அந்த வாசலில் கண்ணுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு எட்டும் வெளிச்சம், 20 வயதில் எட்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். பாவை சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளித்துவிடுகிறது. வெயிலிலிருந்து நிழலுக்கு வந்தால் கண் பழகவும் நேரம் பிடிக்கிறது. சித்திரை வெயிலில் முருகன்குறிச்சிப் பக்கம் நடந்து வந்து, ஒற்றை டியூப்லைட் எரியும் கடைக்குள் நுழைகிறவருக்குச் சில நொடிகள் எதுவுமே தெரியாது. சரியாக அந்த நொடிகளில்தான் அவர் படியில் நிற்கிறார். வாசலுக்கு வெளியே நாலடி நிழற்கூரையும் வாசலுக்கு உள்ளே நல்ல வெளிச்சமும் இருந்தால் கண் படிப்படியாக இறங்கிப் பழகும். படி விளிம்பில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. நீலத்தில் வேண்டாம், மஞ்சளித்த லென்ஸ் வழியே நீலம் மங்கித் தெரியும். தரைக்குக் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் டைல்ஸ் போடுவது இப்போது கௌரவமாகிவிட்டது. கண்புரை தொடங்கியவருக்கு அந்தப் பளபளப்பு தண்ணீர் கொட்டியிருப்பது மாதிரியே தெரியும், கால் தயங்கும். சொரசொரப்பான டைல்ஸ் விலையும் குறைவு.

உள்ளே வந்தாயிற்று. எங்கே உட்காருவது?

பிளாஸ்டிக் ஸ்டூல் போடுவார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ஆபத்து. எழுந்திருக்கும்போது வயதானவர்கள் காலை மட்டும் நம்புவதில்லை, கையை ஊன்றித் தள்ளித்தான் எழுவார்கள். ஸ்டூலில் ஊன்ற இடமில்லை; ஓரத்தை அழுத்தினால் டைல்ஸில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். ஒன்றரை அடி உயரத்தில், இரண்டு பக்கமும் கை வைத்த, நகராத பெஞ்சு ஒன்று வேண்டும். நம் வீட்டுத் திண்ணை நல்ல யோசனை என்றாலும் பல திண்ணைகள் ரொம்பத் தாழ்வு. உட்கார்ந்தால் எழ ஆள் கூப்பிட வேண்டும். பெரிய கடை என்றால் வாசலில் ஒன்று, நடுவில் ஒன்று, பில் போடும் இடத்தில் ஒன்று.

உட்கார இடம் இல்லாத கடையில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு சோப்பு வாங்கக்கூடத் தள்ளுவண்டியை எடுப்பார்கள். அது சோப்புக்கு இல்லை, ஊன்றிக்கொள்ள. காலி வண்டி லேசாக இருப்பதால் முன்னால் ஓடப் பார்க்கும். இது தெரிந்த கடைக்காரர் அடியில் கொஞ்சம் கனம் கூடின, ஆழம் குறைந்த, சின்ன வண்டிகள் நாலைந்து வைத்திருப்பார். பெரிய வண்டியின் அடியில் கிடக்கும் உப்புப் பாக்கெட்டை எடுக்க எவ்வளவு குனிய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கையில் மாட்டும் கூடையோ இன்னும் மோசம், ஒரு பக்கம் கனத்து நடையையே சாய்த்துவிடும்.

அலமாரிக்கு வருவோம். கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டில் லாபம் கூடின பிராண்டுகள், கீழ்த்தட்டில் சாதாரணச் சரக்கு, எல்லோருக்கும் தினம் வேண்டிய பாலும் தயிரும் கடைக்கோடியில். நடக்க நடக்கக் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவோம் என்ற வியாபாரக் கணக்கு. போதாக்குறைக்கு அவ்வப்போது சாமான்களை இடம் மாற்றிவிடுவார்கள். வயதானவர்கள் பெயரைப் படித்து எடுப்பதில்லை, இடத்தை ஞாபகம் வைத்து எடுப்பார்கள். இடம் மாறினால் கடையே புதிது. அடிக்கடி வாங்கும் இருபது சாமானை (அம்பை 16 அரிசி, துவரம்பருப்பு, புளி, நல்லெண்ணெய், கருப்பட்டி, தீப்பெட்டி, பால் இப்படி) வாசலிலிருந்து பத்தடிக்குள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் நிரந்தரமாக வைத்தாலே பாதிப் பேர் உள்ளே நடக்க வேண்டியிருக்காது. ஒன்றிரண்டு கூடுதல் விற்பனை போகலாம். மாதம் தவறாமல் வரும் ஆள் போகமாட்டார்.

அளவும் ஒரு சிக்கல். 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், ஆலைக்காரர்கள் வரியிலிருந்து தப்பிக்க 26 கிலோ மூட்டை போடத் தொடங்கினார்கள். வரி தப்பியது, மூட்டையின் கனம் கூடியது. தனியாக இருக்கும் ஒருவருக்கு 26 கிலோ எதற்கு? வண்டு விழுவதற்கா? ஒரு கிலோ பாக்கெட் வாங்கினால் வரியும் சேரும். இந்த இடத்தில் பழைய கடைதான் கெட்டி. சில்லறையாக ஒன்றரைக் கிலோ அரிசி, நூறு கிராம் புளி, பத்து ரூபாய்க்கு மல்லி என்று நிறுத்துத் தரும். சூப்பர் மார்க்கெட் ஓர் ஓரத்தில் ஒரு தராசும் ஓர் ஆளும் வைத்து இதைச் செய்யலாம். அந்த ஆள்தான் நான் சொன்ன பையன்.

வெளிநாடுகளில் இதை யோசித்துச் செய்த கடைகள் உண்டு. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் ஆடெக் என்ற நிறுவனம் 2003-ல் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்றே ஒரு கடை திறந்தது. அகலமான பாதை, வழுக்காத தரை, விலையைப் படிக்கப் பூதக்கண்ணாடி. வேலைக்கு நின்றவர்களும் ஐம்பதைத் தாண்டியவர்கள். நெதர்லாந்தில் யும்போ கடைகள் 2019-ல் அவசரமில்லாமல் பேசிக்கொண்டே பில் போட்டுக்கொள்ளத் தனிக் கவுன்டர் வைத்தன. தனிமையில் இருக்கும் முதியவர்கள் நாலு வார்த்தை பேசுவதற்காக. படித்ததும் சிரித்துவிட்டேன். நம் அண்ணாச்சி கடைகளில் அந்தக் கவுன்டரைத் தவிர வேறு கவுன்டரே கிடையாது. "மவன் போன் போட்டானா?" என்று கேட்காமல் எந்த அண்ணாச்சி மிளகு நிறுத்திருக்கிறார்?

ஆனால் நம் ஊர் சூப்பர் மார்க்கெட் வரிசையில் நின்று பாருங்கள். பெரியவர் கண்ணாடியைத் தேடுகிறார், மடித்த நோட்டைப் பிரிக்கிறார், பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுகிறார். பெரியவர் மீதியை எண்ணாமலே வாங்கிப் பைக்குள் போடுகிறார். பில்லோ ஆங்கிலத்தில், அதுவும் பாதிப் பாதி வார்த்தைகளாக, மங்கின மையில். எதற்கு எவ்வளவு எடுத்தார்கள் என்று வீட்டுக்குப் போயும் பார்க்க முடியாது. தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில் பில் அடிக்க எந்தக் கம்ப்யூட்டரும் மறுக்காது. உட்கார்ந்து பில் போட ஒரு கவுன்டரும் அதைக் காலையில் ஏழிலிருந்து ஒன்பது வரை, வெயில் ஏறும் முன் வருகிறவர்களுக்கென்று ஒதுக்குவதும் பெரிய காரியமில்லை. கழிப்பறையையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரைக்காரர்கள், நீர் பிரியும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் பலர் அது இல்லை என்பதாலேயே வெளியே கிளம்புவதில்லை.

எல்லாவற்றையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டால் என்ன? ரேஷனுக்கு அரசு அதைத்தான் செய்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டு வாசலுக்கு வருகிறது. நல்ல திட்டம். பலசரக்கிலும் அரிசி, எண்ணெய், உப்பு போன்ற கனத்த சாமானைப் போனில் சொன்னால் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கொண்டுபோய் இறக்கலாம், பல கடைகள் இறக்கவும் செய்கின்றன. ஆனால் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதும், புளியை மோந்து பார்ப்பதும், கடையில் நாலு பேரைப் பார்ப்பதும் போனில் நடக்காது. பல பேருக்கு அன்றைய நாளின் ஒரே நடையும் அதுதான். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், மகாராஜ நகர் உழவர் சந்தைக்கு ஆச்சிமார் பஸ் ஏறி வருகிறார்கள். காசு மிச்சம் என்பதோடு, ஒரு போக்கிடமும் ஆயிற்று. கனமானது வீட்டுக்குப் போகட்டும், லேசானதுக்கு ஆள் வரட்டும் என்று பிரித்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சட்டமும் இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளையும் சேர்த்தே அணுகல் வசதி கேட்கிறது. அதன் கீழ் வந்த விதி வெறும் பரிந்துரையாக இருக்கிறது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லி, மூன்று மாதத்தில் கட்டாய விதிகள் கொண்டுவரச் சொன்னது. அந்தச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் முதுமை என்று ஒன்று இல்லை. ஆனால் சக்கர நாற்காலிக்குப் போட்ட வழியில் ஊன்றுகோலும் போகும்.

எங்கள் தெரு அண்ணாச்சியிடம் இதையெல்லாம் நான் சொன்னது போன வருசம். படியை இடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. பூதக்கண்ணாடியைக் கேட்டுச் சிரித்தார். கைப்பிடி மட்டும் போட்டார், ஒரு பக்கத்துக்கு, நல்ல உருண்டைக் குழாயில், சொன்ன உயரத்தில். முதல் வாரம் ஆச்சி அதைப் பிடித்து நேராகவே ஏறினார். இரண்டாவது வாரம் நான் போனபோது குழாயில் நாட்டுப்பழத்தார் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் பூண்டுச் சரம். ஆச்சி மறுபடியும் ஷட்டர் தடத்தில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"ஏ, தாரக் கழத்துடே" என்று அண்ணாச்சி பையனுக்குக் குரல் கொடுத்தார்.

"இருக்கட்டும். பழம் கிலோ என்ன வெல?" என்றார் ஆச்சி.